வட சென்னையிலிருந்து ரோபோ போட்டிக்கு: பேப்பர், பிளைவுட், பணம்

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுப்பவள். எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. டியூஷனுக்கு வரும் மூன்று பிள்ளைகள் ஒருநாள் போனில் ஏதோ ரோபோ போட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாமளும் போலாமா?" என்று கேட்டார்கள். "போலாமே" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருடம் ஓடினேன். முதல் வருடம் அரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. இரண்டாம் வருடம் மண்டலச் சுற்று வரை போய், பரிசில்லாமல் வீடு திரும்பினோம்.

இதில் ரோபோவால் வந்த தொல்லை குறைவு. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த தேதியும், பள்ளிக்கூட முத்திரையும், பூட்டிய பீரோவும், எட்டடி பலகையும்தான் எங்களை நிறுத்தின. அதனால் இங்கே புரோகிராமிங் கிடையாது, அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

1. முதலில் பிறந்த ஆண்டை எழுதுங்கள்

ரோபோவைத் தொடும் முன், பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனையாவது படிக்கிறார்கள் என்பது வேண்டாம்.

நாங்கள் குறிவைத்தது வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாட் (சுருக்கமாக டபிள்யூ.ஆர்.ஓ.). இந்தியாவில் இதை இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. அதில் ரோபோமிஷன் என்று ஒரு பிரிவு. வயதுப்படி மூன்று நிலை: எலிமெண்டரி 8 முதல் 12, ஜூனியர் 11 முதல் 15, சீனியர் 14 முதல் 19. ஒரு அணியில் இரண்டு அல்லது மூன்று பேர்.

வயதைக் கணக்கிடும் விதத்தில்தான் கண்ணி இருக்கிறது. போட்டி நடக்கும் நாளில் என்ன வயது என்று பார்ப்பதில்லை. அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் எத்தனை வயது நிரம்புகிறது என்று பார்க்கிறார்கள். எங்கள் பெரியவன் 2011 டிசம்பரில் பிறந்தவன். 2024 செப்டம்பரில் அவனுக்கு 12தானே என்று எலிமெண்டரிக்குத் தயார் செய்தேன். விதிப்படி அவனுக்கு அந்த வருடம் 13. சரி, ஜூனியருக்கு மாற்றலாம் என்றால் கடைக்குட்டி 2014-ல் பிறந்தவள், அவளுக்கு 10. ஜூனியருக்கு 11 வேண்டும். இருக்கும் மூன்று பேரை எப்படி மாற்றிப் போட்டாலும் ஒருவர் வெளியே. ஐந்து மாத உழைப்பு, பதிவுப் படிவத்தைத் திறந்த அன்று சாயங்காலமே முடிந்தது.

அடுத்த வருடம் அதே மூவரும் ஜூனியரில் கச்சிதமாகப் பொருந்தினார்கள். 2025-ல் ஜூனியருக்கு 2010 முதல் 2014 வரை பிறந்தவர்கள் என்பது கணக்கு. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள், வருகிற எண்தான் போட்டி வயது. ஒரு பிள்ளை ஒரு சீசனில் ஒரே அணியில்தான் இருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பயிற்சியாளருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. நானே சாட்சி.

2. எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். ஒன்றே போதும்.

ரோபோமிஷனில் மேசைமேல் விரித்த பாயில் ரோபோ தானாக ஓடி, பொருள்களை எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். ஓட்டத்துக்கு 2 நிமிடம். புறப்படும்போது ரோபோ 25 சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்துக்குள் அடங்க வேண்டும். ரிமோட்டும் புளூடூத்தும் கிடையாது. பாயின் படம் முன்கூட்டியே கிடைப்பதால் வீட்டிலேயே பழகலாம்.

அதே ஒலிம்பியாட்டின் இன்னொரு பிரிவான ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ் 14 வயதிலிருந்து. சின்னத் தானோட்டிக் கார். லெகோ (பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி ரோபோ செய்யும் கிட்) தேவையில்லை, ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினிப் பலகைகள் எதிலும் செய்யலாம். சிவப்புத் தூணை வலப்பக்கமாகவும் பச்சைத் தூணை இடப்பக்கமாகவும் கடந்து மூன்று சுற்று வர வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது தோதானது. ஆனால் களம் சுமார் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர்; மொட்டை மாடியோ மண்டபமோ வேண்டும். செய்த வேலை முழுவதையும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் எழுதி வைப்பதற்கும் மதிப்பெண் உண்டு. எழுதச் சோம்பல்படும் பிள்ளைகளை இதில் தள்ளாதீர்கள்.

வேறொரு போட்டியான ஃபர்ஸ்ட் லெகோ லீகில் ரோபோ ஒரு பங்குதான். ஒரு சமூகப் பிரச்சினைக்குத் தீர்வு, ரோபோவை வடிவமைத்த விதம், அணியின் நடத்தை எல்லாவற்றையும் நடுவர்கள் பார்ப்பார்கள். அணியில் பத்துப் பேர் வரை சேரலாம் என்பதால் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் பெரிய பிள்ளைகளுக்கு, பெரிய ரோபோவுக்கு, பெரிய பணப்பைக்கு. முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கையில் காசே இல்லை, யோசனை மட்டும் இருக்கிறது என்றால் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி மூலம் யோசனையை அனுப்புங்கள். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். இது போட்டி ரோபோவுக்கான பணம் அல்ல, ஆனால் பிள்ளைக்கு நல்ல தொடக்கம். கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்துவிட்டு மூன்று வருடம் தொடாத கணக்குகள் முடங்கிக் கிடக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்து, கலந்துகொள்ளும் எல்லாருக்கும் மெடல் கொடுத்து, கட்டணம் மட்டும் கறாராக வாங்கும் போட்டிகள் உண்டு. விதிப் புத்தகமும் மதிப்பெண் தாளும் பணம் கட்டும் முன்பே படிக்கக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

3. பேப்பர் வேலை

இதைப் பதிவு திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். எங்களிடம் கேட்டதும், கேட்பார்கள் என்று நாங்களாகவே வைத்திருந்ததும் இவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை, இந்தப் பள்ளியில்தான் படிக்கிறார் என்ற போனஃபைடு சான்றிதழ், பெற்றோர் சம்மதக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு.

பிறப்புச் சான்றிதழைப் பெருநகர சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வெளியே யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இறக்கியதும் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், அப்புறம் யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருத்திக்கு அந்தக் கட்டம் காலி. பெயர் சேர்க்க மண்டல அலுவலகத்துக்கு அவள் அம்மா இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் 'கே தினேஷ்', பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்களை வைக்கும் அரசு இணையதளம்) பதிவில் 'தினேஷ் கே', பிறப்புச் சான்றிதழில் 'தினேஷ்குமார்' என்று இருந்தால் உள்ளூர்ச் சுற்றில் யாரும் கவலைப்படமாட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகும் அன்று அது மலையாக நிற்கும். பதிவில் எந்தப் பெயர் கொடுக்கிறீர்களோ அதுதான் சான்றிதழிலும் அச்சாகும். எல்லாத் தாளிலும் ஒரே பெயர் வரும்படி இப்போதே சரிசெய்யுங்கள்.

போனஃபைடுக்குத் தலைமையாசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். போட்டியின் பெயர், தேதி, இடம், யார் கூட்டிப் போகிறார்கள், எத்தனை நாள் ஓ.டி. (வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கூடவே போட்டி அறிவிப்பின் அச்சுப்படியையும் வையுங்கள். முதல் வருடம் நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று முறை போன பிறகும் "யாரும்மா நீங்க?" என்ற கேள்விதான். இரண்டாம் வருடம் கடிதத்தோடு, ஒரு பிள்ளையின் அப்பாவையும் கூட்டிப் போனேன். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

சம்மதக் கடிதத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திடட்டும். பெண்பிள்ளை வெளியூர் போகிறாள் என்றால் கூட வரும் பெண்ணின் பெயரைக் கடிதத்திலேயே எழுதுங்கள். வாய் வார்த்தைக்கு அசையாத பாட்டிகள்கூட எழுத்தில் பார்த்தால் இறங்கி வருகிறார்கள்.

பாஸ்போர்ட் இப்போதே தேவையா? தேசியச் சுற்றுக்குத் தகுதி பெற்ற மறுநாள் எடுத்தால் போதும். அதைவிடத் தள்ளிப் போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. நமக்கு அமைந்தகரை, சாலிகிராமம் மையங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும் வேண்டும்.

4. கிட்: வாங்குமுன் இரவல் கேளுங்கள்

லெகோ கிட் புதிதாக வாங்கினால் பல பத்தாயிரங்கள். நம் தெருவில் அது ஒரு வருட வாடகை. முதல் அணிக்கு யாரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பிள்ளைகள் கையால் செய்து பழகுவதற்கான மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் பல பள்ளிகளில் இருக்கிறது. இதற்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அக்கம்பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரியுங்கள். இருப்பது வேறு, திறந்திருப்பது வேறு. நாங்கள் கண்டுபிடித்த பள்ளியில் கிட் பிரிக்காத பெட்டியிலேயே பீரோவுக்குள் இருந்தது. "ஒரு பீஸ் தொலைஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றது?" என்றார் சார். அவர் பயம் நியாயமானது. ஆகவே கிட்டை வெளியே கேட்காதீர்கள். சனிக்கிழமைகளில் அவர்கள் லேபிலேயே வந்து செய்கிறோம் என்று கேளுங்கள். அந்தப் பள்ளிப் பிள்ளை ஒருவரை அணியில் சேர்க்க முடிந்தால் பாதிக் கதவு தானே திறக்கும். முதல் நாளே எல்லாப் பாகங்களையும் தட்டில் பரப்பிப் படம் எடுத்து, இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் வாரம் தவறாமல் எண்ணி வைத்தோம். நான்காவது வாரம் சார் சாவியையே கொடுத்துவிட்டார்.

பழைய கிட் விலைக்கு வந்தால் கவனம். ஈ.வி.3 என்ற ரோபோ கிட் வகையை லெகோ 2021-லேயே நிறுத்திவிட்டது. பேட்டரி உப்பிப் போயிருக்கும், மாற்று கிடைப்பது கஷ்டம். எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி அனுமதி என்பதை அந்த வருட விதியில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். ரோபோமிஷனுக்கு ரோபோ கிட் மட்டும் போதாது. மேசைமேல் வைக்கும் பொருள்களைக் கட்ட டபிள்யூ.ஆர்.ஓ. கட்டை செட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது இல்லாதவரை அதே அளவு, அதே நிறக் கட்டைகளை வைத்துப் பழகலாம்.

ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ் அணி என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆர்டுயினோவின் உள்ளூர் நகல் சில நூறு ரூபாய். அல்ட்ராசோனிக் சென்சார் நூறு ரூபாய்க்குள் பேசி வாங்கலாம். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு மூன்றாவதில் வாங்குங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். சாலிடர் வைத்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அங்கே 'ரோபோ கார்' என்று கேட்டால் மஞ்சள் மோட்டார் போட்ட இரண்டு சக்கரச் சட்டத்தைத்தான் நீட்டுவார்கள். வியாசர்பாடிப் பையன்கள் சிலர் அதை வாங்கி, கோடு பிடித்து ஓடும்வரை செய்துவிட்டார்கள். அப்புறம்தான் விதியைப் படித்தார்கள். இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழற்றித் திரும்பும் வண்டி ஃபியூச்சர் எஞ்சினியர்ஸில் செல்லாது. உண்மையான கார் மாதிரி நான்கு சக்கரம் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் தனியாகத் திரும்ப வேண்டும். பழுதான ரிமோட் பொம்மைக் காரின் அடிப்பாகம் இதற்குக் கைகொடுக்கும். காசிச் செட்டித் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் பின்களும் இணைப்புக் கம்பிகளும் சீக்கிரம் களிம்பேறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள்.

5. மேசை

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ரோபோமிஷன் பாய் 2362 மில்லிமீட்டர் நீளம், 1143 அகலம். எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கி, நான்கு ஓரத்திலும் ஒன்றரை அங்குல ரீப்பர் (மரச் சட்டம்) அடித்தால் உள்ளே மிஞ்சும் இடம் ஏறத்தாழ இதே அளவுதான். சுவர் 5 சென்டிமீட்டர் உயரம் வரட்டும். பலகைக்கு வால்டாக்ஸ் ரோடு போங்கள். 12 மில்லிமீட்டர் சாதா பிளைவுட், ரீப்பர், தச்சர் கூலி, குட்டியானை வாடகை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 4,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது.

பலகை தெருவுக்கு வந்த பிறகுதான் எங்கள் மாடிப்படி இரண்டரை அடி என்பது உறைத்தது. ஏறவில்லை. தச்சரைத் திரும்பக் கூப்பிட்டு நடுவே அறுத்துக் கீல் போட்டோம். ஏறியது. ஆனால் கீல் போட்ட இடத்தில் நூலளவு மேடு. ரோபோவின் பின்னால் உருளும் குண்டு அதில் இடித்து, ஓட்டம் தவறாமல் அதே இடத்தில் இரண்டு டிகிரி திரும்பிக்கொண்டது. பிள்ளைகள் பத்து நாள் புரோகிராமில் தப்பைத் தேடினார்கள். கடைசியில் கடைக்குட்டிதான் உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க இன்னாவோ தட்டுதுக்கா" என்றாள்.

அதற்கப்புறம் மேசையைத் தெருமுனை கேரம் கிளப்புக்கே கொண்டுபோய்விட்டோம். நம் பக்கம் கேரம் கிளப் இல்லாத தெரு அபூர்வம். பகலில் காலியாகத்தான் கிடக்கும். மட்டம் பார்த்துப் பலகை போடத் தெரிந்த ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கைக்கூட எங்களுக்காக ஏற்றி இறக்கிக் கொடுத்தார்கள். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஸ்ட்ரைக்கர் விடும் கோணத்தை வைத்து ரோபோ சுவரில் உரசித் திரும்புவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடைக்காத பாடம். மாதம் ஐந்நூறு ரூபாய் கரண்ட் பில்லுக்குக் கொடுத்தோம். பாதி மாதம் வாங்கவில்லை. சர்ச் ஹாலும் கல்யாண மண்டபமும்கூட வார நாளில் காலிதான். உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்கள் விளக்கக் கோப்பு தயாரிக்க வசதி, மேசை போட அல்ல.

பாய்க்கு வருவோம். அந்த வருடப் படக் கோப்பை இறக்கி ஃபிளெக்ஸ் கடையில் கொடுங்கள். நாலடி ரோலில் அடங்கும். இங்கே இரண்டு கண்ணி. கடைக்காரர் பழக்க தோஷத்தில் படத்தை எட்டுக்கு நாலாக இழுத்துவிடுவார். எங்களுக்கு அதுதான் நடந்தது. நீளத்தில் கொஞ்சம், அகலத்தில் அதைவிட அதிகமாக இழுபட்டு, இரண்டு மீட்டர் ஓடினால் 6 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. "ஒன்றுக்கு ஒன்று, இழுக்காதீங்க" என்று சொல்லி, அச்சானதும் கடையிலேயே டேப் வைத்து அளந்து, அப்புறம் பணம் கொடுங்கள். இரண்டாவது, பளபள ஃபிளெக்ஸ் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கலர் சென்சார் கருப்பை வெள்ளை என்று படிக்கும். மேட் ஃபினிஷ் வினைல் கேளுங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு. ஆனாலும் அதுதான் மலிவு, ஏனென்றால் நாங்கள் இரண்டையும் வாங்கினோம்.

6. பணம்

இரண்டாம் வருடம் கிட் இரவல், மேசை 4,000, இரண்டு பாய் 2,200, பதிவுக் கட்டணம், வண்டி, சாப்பாடு என்று மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி ஆனது. பதிவுக் கட்டணம் வருடத்துக்கு வருடம், பிரிவுக்குப் பிரிவு மாறும். கட்டியதைத் திருப்பித் தருவார்களா என்று முன்பே படித்துவிடுங்கள். தேசியச் சுற்று வெளியூரில் என்றால் தங்கும் செலவு டிக்கெட்டைவிடப் பெரிது.

யாரிடம் கேட்பது? முதலில் தெருவில். உபயம் என்றால் நம் ஆட்களுக்குப் புரியும். டி-ஷர்ட் முதுகில் பெயர் போடுகிறோம் என்றதும் வெல்டிங் பட்டறை, பிரியாணிக் கடை, செல்போன் ரிப்பேர் அண்ணன் மூவரும் கொடுத்தார்கள். செல்போன் அண்ணன் சாலிடரும் இலவசமாக வைத்துக் கொடுத்தார். கொடுத்த பணத்துக்கு நோட்டில் கணக்கு எழுதி, முடிந்ததும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அணியில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பணப் பேச்சை எடுக்காதீர்கள். தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் இருக்காது. பதிவுக் கட்டணக் கெடு அந்த நாட்களில் விழுந்தால் உபயப் பணத்திலிருந்து கட்டுங்கள். அந்தப் பிள்ளையாக வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூக நலனுக்கு ஒதுக்கும்) நிதி கேட்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். தனி ஆள் கேட்டால் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. அந்த நிதியைப் பெற அரசிடம் செய்யும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு உள்ள டிரஸ்ட் போன்ற அமைப்பு வேண்டும். அரசுப் பள்ளி அணி என்றால் மாநில அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' நன்கொடைத் திட்டம் வழியாகக் கேட்க முடியுமா என்று தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். எப்படியும் மாதக்கணக்கில் ஆகும்; இந்த வருடப் போட்டிக்கு அந்தப் பணத்தை நம்பாதீர்கள்.

7. காலண்டர்

ஒலிம்பியாட் விதிகள் வருடத் தொடக்கத்திலேயே வந்துவிடும். சர்வதேச இறுதி பெரும்பாலும் நவம்பரில். உள்நாட்டுச் சுற்றுகள் இடையில். அதாவது காலாண்டுத் தேர்வோடு மோத வாய்ப்பு அதிகம். லெகோ லீகின் சவால் ஆகஸ்டை ஒட்டி வரும். போட்டிகள் அரையாண்டுத் தேர்வு, புயல் மழை இரண்டோடும் மோதும்.

என் கணக்கு இது. பிப்ரவரியில் வயது பார்த்து அணி அமையுங்கள். மார்ச்சில் பேப்பர். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே முழுக்க மேசை. ஜூனில் பள்ளி திறந்த பிறகு சனிக்கிழமை மட்டும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு பெட்டியை மூடிவிடுங்கள். மதிப்பெண் குறைந்தால் அடுத்த வருடம் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். தேதி உறுதியானதும் முதல் நாள் காலையிலேயே போடுங்கள். அக்டோபர் வந்தால், மழை வெள்ளம் வீட்டுக்குள் வரும் முன், கிட், லேப்டாப், பாய் எல்லாம் பரணில் ஏறட்டும். புளியந்தோப்பு, வியாசர்பாடி ஆட்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

8. பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்

ரோபோவைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது விதிப்படி தவறு. நடுவர்கள் கண்டுபிடித்தும் விடுவார்கள். "இந்த கியர் ஏன் இங்கே?" என்று ஒரு கேள்வி போதும். 'பரிசு உத்தரவாதம்' என்று ரெடிமேட் ரோபோவும் புரோகிராமும் விற்கும் கோச்சிங் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். அதே ரோபோவை இன்னும் நாலு அணிக்கு விற்றிருப்பார்கள். விலகி நில்லுங்கள்.

தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கிலக் கேள்விக்குப் பயந்து வாயடைத்துப் போவது உண்டு. பேச்சை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ரோபோவைக் கையில் கொடுத்து, விரலால் காட்டித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதில் வரும் இருபது முப்பது ஆங்கிலச் சொற்களை மட்டும் பழக்குங்கள். தமிழில் பேசலாமா, மொழிபெயர்க்க யாராவது இருப்பார்களா என்று அமைப்பாளர்களிடம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை 'திடீர் விதி' விளையாட்டு வையுங்கள். ரோபோமிஷனில் போட்டி அன்று காலையில் புதிதாக ஒரு விதியைச் சொல்வார்கள், அங்கேயே அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். கிளப் அண்ணன்மார்களை விட்டு ஒரு கட்டையை நகர்த்தச் சொன்னோம். அவர்கள் வைத்த விதிகள் போட்டியில் வந்ததைவிடக் கொடூரம்.

9. போட்டி அன்று

பயிற்சியாளர் அணிப் பகுதிக்குள் போக முடியாது. போனும் உள்ளே போகாது. இதைப் பிள்ளைகளிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியவன் முதல் அரைமணி நேரம் தடுப்புக்கு வெளியே நின்ற என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லேப்டாப்பில் முந்தின இரவே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள். பிள்ளைகளில் ஒருவரின் அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் எங்களுடையது. போட்டிக் காலையில் நீலத் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, நாற்பது நிமிடம் போனது. புரோகிராம் மென்பொருள் நெட் இல்லாமல் திறக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு யூ.எஸ்.பி. கேபிள், உதிரி மோட்டார், பெண் டிரைவில் நகல், எல்லாச் சான்றிதழ்களின் இரண்டு ஜெராக்ஸ், தயிர்சாதம். வெளிச் சாப்பாடு வேண்டாம், வயிறு கெட்டால் அன்று யாரும் காப்பாற்ற முடியாது.

அரங்க வெளிச்சம் உங்கள் கிளப் வெளிச்சமாக இருக்காது. பயிற்சி நேரம் தொடங்கியதும் முதல் வேலை கலர் சென்சாரை அந்த மேசையில் திரும்ப அளவீடு செய்வது. நேரம் முடிந்ததும் ரோபோவை வாங்கி வைத்துப் பரிசோதிப்பார்கள். அளவு மீறியிருந்தால் சரிசெய்யச் சில நிமிடமே கிடைக்கும். 25 சென்டிமீட்டருக்கு ஒரு அட்டைப் பெட்டி செய்து பையிலேயே வையுங்கள். கேபிள் ஒன்று வளைந்து வெளியே துருத்தினாலும் அளவு மீறியதாகிவிடும்.

10. திரும்பி வந்த பிறகு

அடுத்த நாளே கிட்டைப் பிரித்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு எண்ணி, பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு இரண்டு சின்ன பின் குறைந்தது. மறைக்காமல் சொல்லி, வாங்கிக் கொடுத்துவிட்டோம். இந்த வருடம் அதே பள்ளி தானாகவே கூப்பிட்டது.

மதிப்பெண் தாளைப் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பணியில் எத்தனை போனது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும், மறப்பதற்குள். பேட்டரியை முழுதாகத் தீரவிடாமல் பாதி சார்ஜில் வையுங்கள். பாயை மடிக்கக் கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் அடுத்த அணியின் ரோபோ தடுக்கும். அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி பி.வி.சி. குழாயில் சுற்றி, பழைய லுங்கியைப் போர்த்தி, கிளப் சுவரில் படுக்கவாட்டில் மாட்டி வைத்திருக்கிறோம்.